முழு அளவு

லைனில் ஒரு குறையும் இல்லை என்று சொல்லிவிட்டு யாசின் படியிறங்கிப் போனபோது மணி பத்தேகால். இன்டர்நெட் கம்பெனியிலிருந்து வருகிறவர், நாற்பது வயசிருக்கும், எப்போது வந்தாலும் செருப்பை வாசலில் ஒன்றையொன்று ஒட்டி நேராக வைத்துவிட்டுத்தான் உள்ளே வருவார். இன்றைக்குக் கம்பத்திலிருந்து வீடு வரைக்கும் புது ஃபைபர் இழுத்து, சுவரிலிருந்த பழைய பெட்டியைக் கழற்றி வேறு மாட்டி, தன் போனிலேயே வேகத்தை அளந்து என் மூக்குக்கு நேரே நீட்டினார். கீழே இறக்க இருநூறு, மேலே ஏற்ற நூறு. இத்தனை நாளாக மேலே ஏற்றப் பத்துதான் வந்துகொண்டிருந்தது. இனிமே உங்க பையன் கேட்டா லைன் சரியில்லைன்னு சொல்ல முடியாது சார் என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார், அவருக்கு என்ன தெரியும், நானும் சிரித்தேன். நவம்பரிலிருந்து நான் சொல்லிக்கொண்டிருந்தது அந்த ஒன்றைத்தான். லைன் சரியில்லைடா. லைன் போயிடுச்சுடா. இந்தத் தெருவுக்கே இப்படித்தான் வருது. திருச்சியில் இருபத்தெட்டு வருஷம் டிவி ரிலே நிலையத்தில் வேலை பார்த்தவன் சொன்னால் யார்தான் நம்பமாட்டார்கள். அவர் போன பிறகு கதவைச் சாத்தக்கூடத் தோன்றாமல் கொஞ்ச நேரம் நின்றேன். அப்புறம் வந்து கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து வீடியோவைச் சுருக்கிச் சின்ன ஃபைலாக்கச் சொல்லிப் பொத்தானை அழுத்தினேன். இரண்டு மணி நேரம் ஆகும் என்றது. ஆகட்டும்.

மகன் செழியன் பன்னிரண்டரைக்குக் கூப்பிடுவான். அங்கே அவனுக்குக் காலை எட்டு. ஜெர்மனியில் டிவி திரைகளைச் சோதித்துப் பார்க்கிற ஒரு லேபில் இருக்கிறான். போன வருஷம் பொங்கலுக்கு வந்தபோது லேபின் கேமரா ஒன்றைக் கொண்டுவந்தான், எட்டு கே. ஒரு ஃபிரேமில் மூணு கோடியே முப்பது லட்சம் புள்ளிப்பா என்றான். நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் ஒரு படத்துக்கு அறுநூற்று இருபத்தைந்து கோடு, அதையும் ஒழுங்காகக் கொண்டுபோய்ச் சேர்க்க முடியாமல் தவித்திருக்கிறோம். அந்தக் கேமராவில் இரண்டு நாள் வடிவை எடுத்தான். வடிவு அவன் அம்மா, என் மனைவி. மொத்தம் ஒன்றரை மணி நேரம். எதையும் சுருக்காமல் கேமரா பார்த்ததை அப்படியே பதிந்ததால் ஒண்ணே முக்கால் டெராபைட். அவன் லேப்டாப்பில் அதற்கு இடமில்லை, கார்டுகளை லேபில் திருப்பித் தரவேண்டும், அதனால் கிளம்புகிற அன்று எல்லாவற்றையும் டிவிக்குக் கீழே இருக்கிற சேமிப்புப் பெட்டியில் இறக்கிவிட்டு, அங்கே போய் மெதுவா எடுத்துக்கிறேன்ப்பா என்றான். யாருக்கும் அவசரம் இல்லாத ஜனவரி அது. மே மாதம் வடிவுக்கு வயிற்றில் புற்றுநோய் என்றார்கள். செப்டம்பரில் போய்விட்டாள். இப்போது பிப்ரவரி. அவள் பேசுவதும் நடப்பதும் சலித்துக்கொள்வதுமாக அந்த ஒன்றரை மணி நேரம் அந்தக் கறுப்புப் பெட்டிக்குள்தான் இருக்கிறது, வேறெங்கும் இல்லை. பெட்டிக்குள் இரண்டு டிஸ்க், இரண்டிலும் ஒரே சரக்கு, ஒன்று போனால் ஒன்று இருக்கட்டும் என்று. போன வியாழக்கிழமை ஒன்று போய்விட்டது. முன்பக்கம் சிவப்பு விளக்கு. பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை கூவுகிறது. மிச்சமிருப்பது அதே நாளில் அதே கடையில் வாங்கியது, அதற்கும் அதே வயசு. அதை எடுத்து கூரியரில் போடட்டுமா என்று கேட்டதற்கு, வேண்டவே வேண்டாம், இருக்கிறது அது ஒண்ணுதான், எங்கேயாவது விழுந்து தொலைஞ்சா என்னப்பா பண்றது, மேலே ஏத்திடுங்க, முழு அளவுல ஏத்திடுங்க என்றான். முழு அளவில். அந்த வார்த்தையை அவன் ஒவ்வொரு முறையும் சொல்கிறான்.

சின்ன ஃபைல் ஏழு சதவீதம். பெட்டியின் மேல் கையை வைத்துப் பார்த்தேன், சுட்டது. உள்ளே காற்றாடி ஒரு மாதிரி இழுத்து இழுத்துச் சுற்றுகிறது. இந்தச் சத்தம் எனக்குத் தெரியும். ரிலே நிலையத்தில் டிரான்ஸ்மிட்டர் அறையின் காற்றாடி இப்படித்தான் இழுக்கும், அன்றைக்கு சாயங்காலத்துக்குள் எதுவோ ஒன்று போகும். செய்தி நேரத்தில் போனால் ஊரே போன் பண்ணும். படம் புள்ளி புள்ளியா வருது சார், முகமே தெரியல சார். தெரியவைப்பதுதான் என் வேலையாக இருந்தது. முகம் தெளிவாகத் தெரியவேண்டும், அவ்வளவுதான், அதற்காக வெயிலில் கோபுரத்தடியில் நின்று நின்று கழுத்தெல்லாம் கறுத்துப்போனது. வீட்டுக்கு வந்தால் வடிவு, ஊருக்கே படம் காட்டுறீங்க, நம்ம வீட்டு டிவியில செய்தி வாசிக்கிறவ கட்டியிருக்கிறது பச்சையா நீலமான்னு கண்டுபிடிக்க முடியல என்பாள். அது குறை சொல்வது மாதிரி இருக்காது. ஒருவேளை குறையே இல்லையோ. போன வருஷம் செழியன் எண்பத்தைந்து அங்குலத்தில் இந்த டிவியை வாங்கி மாட்டியபோது முதல் நாள் சாயங்காலம் செய்தி போட்டோம். அந்தப் பெண்ணின் கன்னத்தில் பவுடர் வெடித்திருந்தது தெரிந்தது, மேல் உதட்டு ரோமம் தெரிந்தது, தூங்காத கண் தெரிந்தது. வடிவு எழுந்து நாற்காலியைப் பின்னால் இழுத்துப் போட்டுக்கொண்டாள். ஏங்க, ஒரு மனுஷியை இவ்வளவு பார்க்கணுமா என்றாள். செழியன் சிரித்தான். நான் அவளுக்கு விளக்கினேன், புள்ளி, கோடு, எல்லாம். பத்து நிமிஷம் விளக்கியிருப்பேன். அவள் கேட்டதற்கும் நான் சொன்னதற்கும் சம்பந்தமே இல்லை என்பது இப்போது தெரிகிறது. அவள் ஏன் அதைக் கேட்டாள் என்கிற யோசனையை இங்கே நிறுத்திக்கொள்கிறேன். பதினொரு சதவீதம்.

அந்தப் பொங்கலுக்கு முந்தின டிசம்பரில் எனக்கு மார்பு வலி வந்து ஸ்டென்ட் வைத்தார்கள். செழியன் வந்ததே அதற்காகத்தான், பொங்கல் ஒரு சாக்கு. நாற்பது நாள்கூட ஆகியிருக்கவில்லை. வடிவு என்னை மாடிப்படி ஏறவிடமாட்டாள், இறங்கவிடமாட்டாள், உப்பில்லாத சாம்பாரைத் தானும் சேர்ந்து சாப்பிடுவாள், காலை மதியம் இரவு என்று மாத்திரைகளைப் பெட்டியில் பிரித்து வைப்பாள். நான் புரண்டு படுத்தால் எழுந்து உட்காருவாள். அவள் சாப்பாடு குறைந்தது எனக்குத் தெரியும். உப்பில்லாததால் என்று நினைத்தேன். அவள் அப்படித்தான் சொன்னாள் என்றும் ஞாபகம், சொன்னாளா நானாக நினைத்தேனா, இதில் நான் நிறைய நேரம் மாட்டிக்கொள்கிறேன், சொன்னாளா நினைத்தேனா, சொன்னாள் என்றால் கொஞ்சம் பரவாயில்லை. மே மாதம் டாக்டர் அவள் கழுத்தைத் தடவிப் பார்த்தார். இடது பக்கம் கழுத்தெலும்புக்கு மேலே பட்டாணி அளவில் ஒரு கட்டி. வயிற்றிலிருப்பது இங்கே வந்து எட்டிப் பார்க்கும் என்றார். இது எவ்வளவு நாளாம்மா இருக்கு என்று கேட்டார். ஒரு வாரமா என்றாள் வடிவு. டாக்டர் என்னைப் பார்த்தார். நானும் தலையாட்டினேன். நான் அதைப் பார்த்ததே அன்றைக்குத்தான், ஆனாலும் தலையாட்டினேன், முப்பத்து நாலு வருஷம் கூட இருந்தவன் மனைவியின் கழுத்தைப் பார்க்காமல் இருந்தான் என்று ஒரு டாக்டர் நினைக்கக்கூடாது என்று.

இருபத்து மூன்று. நவம்பர் மாதம் ஒருநாள் மதியம் அந்தப் படத்தைப் போட்டேன். அதுவரைக்கும் போடத் தைரியம் வரவில்லை. பெட்டியிலிருந்து கம்ப்யூட்டர், கம்ப்யூட்டரிலிருந்து டிவி. இடையில் போகிற வயருக்கு அவ்வளவையும் தாங்க வலு இல்லை, மூன்று விநாடி ஓடும், நிற்கும், மறுபடி மூன்று விநாடி. எத்தனையோ படங்கள் எத்தனையோ பேர் வீட்டில் இப்படி நிற்கின்றன, திட்டிக்கொண்டே பார்க்கிறார்கள். நானும் திட்டிக்கொண்டேதான் பார்த்தேன். வடிவு சமையலறை ஜன்னலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்கிறாள். என்னைப் போய் எடுக்கிறியே, வேற வேலை இல்லையா உனக்கு என்கிறாள். நிற்கிறது. காம்பைக் கிள்ளுகிறாள். நிற்கிறது. செழியன் குரல், கேமராவுக்குப் பின்னாலிருந்து, அம்மா கொஞ்சம் ஜன்னல் பக்கம் திரும்புங்க, வெளிச்சம் விழட்டும். திரும்புகிறாள். நிற்கிறது. அங்கே நின்றது. அரை நிமிஷம் நின்றிருக்கும். வெயில் அவள் கழுத்தில் பக்கவாட்டில் விழுந்து, கழுத்தெலும்புக்கு மேலே சின்னதாக ஒரு மேடு, அந்த மேட்டுக்கு ஒரு நிழல். எழுந்து கிட்டே போனேன். மூணு கோடியே முப்பது லட்சம் புள்ளியில் எத்தனை புள்ளி அதற்கு என்று எண்ணியிருக்கலாம், அவ்வளவு தெளிவு. ஜனவரி பதினேழாம் தேதி, காலை பதினொரு மணி. மே மாதத்துக்கு இன்னும் நாலு மாசம்.

இதைத்தான் செழியனிடம் மறைக்கிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். அவன்தான் கேமராவைப் பிடித்தவன். இரண்டு நாள் அவள் முகத்தையும் கழுத்தையும் ஒரு சாணில் வைத்துப் பார்த்தவன். திருப்பி வெளிச்சத்தில் உட்காரவைத்தவன். லேபில் நாள் முழுக்க திரையில் எங்கே ஒரு புள்ளி பிசகுகிறது என்று தேடுகிறவன், அதற்குத்தான் சம்பளம், இதைப் பார்க்காமல் விடுவானா. பார்த்தால் மிச்சக் காலத்துக்கு அவன் என்ன ஆவான். அப்பா என்கிறவன் இதையெல்லாம் யோசிக்க வேண்டாமா. இப்படி யோசிக்கிறபோது நான் நல்லவனாக இருக்கிறேன். முதல் முறை ஏற்றியபோது ஆறாவது நாள் கரண்ட் போய் நின்றது, நிஜமாகவே. பத்தில் ஏற்றினால் பதினாறு நாள் ஆகும், பதினாறு நாள் தொடர்ந்து எந்த ஊரில் கரண்ட் இருக்கிறது. இரண்டாவது முறை நாற்பத்தொரு சதவீதத்தில் நின்றது, அதுவும் தானாக. அதற்கு அடுத்த வாரம்தான் அந்த மதியம் படத்தைப் போட்டேன். மூன்றாவது முறை அறுபத்து மூன்று வரைக்கும் ஏறியது, நான்தான் நிறுத்தினேன். ஸ்விட்சை அணைத்துவிட்டு ஐந்து நிமிஷம் கழித்துப் போட்டேன். லைன் போயிடுச்சுடா என்றேன். அவன் பரவாயில்லைப்பா, திரும்ப முதல்லேருந்து ஆரம்பிங்க என்றான். அன்றைக்கு அவன் குரலில் இருந்த பொறுமையை நான் இன்னும் தாண்டவில்லை.

பெட்டி கூவியது. முப்பத்தெட்டு சதவீதம். நான் ஒன்றுமே செய்யவேண்டியதில்லை, அதுதான் இதிலுள்ள சௌகரியம். அந்தக் காற்றாடியை இன்னும் இரண்டு நாள் இழுக்கவிட்டால் போதும். டிஸ்க் தானாகச் சாகும். சின்ன ஃபைலை மட்டும் காப்பாற்ற முடிந்ததுடா என்று சொல்லலாம். பன்னிரண்டு ஜிபி, இருபது நிமிஷத்தில் ஏறிவிடும். சாதாரண டிவியில் பார்க்கிற அளவு, அம்மா இருப்பாள், குரல் இருக்கும், கீரை இருக்கும். அந்த மேடு மட்டும் இருக்காது. சுருக்கும்போது கம்ப்யூட்டர் அப்படித்தான் செய்யும், பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகளில் பெரிய வித்தியாசம் இல்லையென்றால் எல்லாவற்றையும் ஒன்றாகப் பூசிவிடும். தோல் தோலாகவே தெரியும். யாரும் பொய் சொல்லவில்லை, இடம் இல்லை அவ்வளவுதான், எல்லார் வீட்டிலும் இடம் இல்லாமல்தான் எல்லாவற்றையும் சுருக்கி வைத்திருக்கிறார்கள். எழுந்துபோய்த் தண்ணீர் குடித்தேன். சமையலறையில் ஜன்னல் பக்கம் போகாமல் குடத்திலிருந்து மொண்டு குடித்துவிட்டு வந்தேன். இங்கேயும் நான் சுற்றித்தான் போகிறேன். கை. அந்தக் கையைச் சொல்லாமல் எவ்வளவு தூரம் வந்துவிட்டேன்.

ஐம்பத்தைந்து. சொல்லிவிடுகிறேன், யாரும் இல்லை. படம் அங்கே நின்று மறுபடி நகர்ந்தது, மூன்று விநாடி. அந்த மூன்று விநாடியில் அவள் இடது கையில் கீரைக் காம்பைப் பிடித்தபடியே வலது கை மெதுவாக எழுந்து வருகிறது. நிற்கிறது. முந்தானையைப் பிடித்துக் கழுத்துக்கு இழுக்கிறது. நிற்கிறது. மேட்டின் மேல் சரியாக வந்து படிகிறது. ஏம்மா மூடுறீங்க, அப்படியே விடுங்க, அழகா இருக்கு என்கிறான் செழியன். குளிருதுடா என்கிறாள். ஜனவரியானாலும் திருச்சியில் பதினொரு மணி வெயில், ஜன்னலோரம், நெற்றியில் வியர்வை இருக்கிறது, எட்டு கேயில் ஒவ்வொரு துளியும் இருக்கிறது. குளிருதுடா. ஓடுகிற படமாக இருந்தால் எந்தப் பொம்பளையும் முந்தானையைச் சரிசெய்கிற மாதிரிதான் தெரிந்திருக்கும், எனக்கும் தெரிந்திருக்காது. வயர் தாங்காமல் நின்று நின்று ஓடியதால்தான் கையின் வழி தெரிந்தது. எங்கே கிளம்பி எங்கே போய் உட்காரவேண்டும் என்று அந்தக் கைக்குத் தெரிந்திருந்தது. அவளுக்குத் தெரிந்திருந்தது. தடவிப் பார்த்திருக்கிறாள், குளிக்கும்போதோ தலை வாரும்போதோ, தெரிந்துகொண்டு, யாரிடமும் சொல்லாமல், எனக்கு மாத்திரை பிரித்து வைத்துக்கொண்டிருந்தாள். இவருக்கு ஆபரேஷன் ஆகி நாற்பது நாள் ஆகல, இப்போ இதைச் சொன்னா தாங்குவாரா, கொஞ்சம் தேறட்டும் என்று நினைத்திருப்பாள். நான் தேறினேன். பிப்ரவரியில் நடக்க ஆரம்பித்தேன், மார்ச்சில் கடைக்குப் போனேன், ஏப்ரலில் ஸ்கூட்டர் எடுத்தேன். என் இதயம் நன்றாக இருக்கிறது என்று டாக்டர் சொன்ன அடுத்த வாரம்தான் அவள் எனக்கு வயிறு என்னமோ பண்ணுதுங்க என்றாள். வரிசையில் நின்றிருந்தாள். இதைத்தான் மறைக்கிறேன். செழியனுக்காக இல்லை. எங்கள் இரண்டு பேருக்கும் அவள் போனதற்கு ஒரு காரணம் வேண்டியிருந்தது, வியாதி என்று வைத்துக்கொண்டோம். பெரிய ஃபைலில் வேறு காரணம் இருக்கிறது, அது இந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறது.

நாலு மாசம் முன்னே வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று டாக்டரிடம் ஒருமுறை கேட்டேன், அவள் போன பிறகு, ஏதோ சான்றிதழ் வாங்கப் போனபோது பேச்சோடு பேச்சாக. கழுத்துக்கு வந்த பிறகு பெரிசா ஒண்ணும் பண்ணமுடியாது, ஆனா எல்லாருக்கும் அப்படியே சொல்லிடவும் முடியாது என்றார். இந்த இரண்டு பாதியில் ஏதாவது ஒன்றை எடுத்துக்கொண்டு படுக்கலாம் என்று பார்க்கிறேன். முதல் பாதியை எடுத்துக்கொண்டு படுப்பேன், எழுந்திருக்கும்போது இரண்டாவது பாதிதான் இருக்கும். எழுபத்தொன்று. எண்பது. வெளியே யாரோ பழைய பேப்பர் கேட்டுக்கொண்டு போனார்கள். அயர்ந்துவிட்டேன் போல, கழுத்து வலித்து விழித்தபோது முடிந்தது என்று எழுத்து வந்திருந்தது. பன்னிரண்டு இருபது.

சின்ன ஃபைலைத் திறந்து டிவியில் போட்டேன். தண்ணீர் மாதிரி ஓடியது, எங்கேயும் நிற்கவில்லை. வடிவு திரும்பினாள், வெயில் விழுந்தது, கழுத்து கழுத்தாக இருந்தது. மேடு இல்லை. கை எழுந்தது, முந்தானையைச் சரிசெய்தாள், குளிருதுடா என்றாள், குனிந்து கீரையைப் பார்த்தாள். மறுபடி போட்டேன். இல்லை. அவ்வளவு நிம்மதியாக இருந்தது. நெற்றியிலும் வியர்வை இல்லை, அதனால் குளிருதுடா என்பதும் நிஜமாக இருந்தது. ஐந்தாறு முறை போட்டிருப்பேன். ஆறாவது முறையோ என்னவோ, ஒரு வாரமாகத்தான் இருந்திருக்கிறது, அவள் டாக்டரிடம் சரியாகத்தான் சொன்னாள் என்று நினைத்தேன். நினைத்ததோடு நம்பவும் ஆரம்பித்தேன். அதற்குள் நம்பிவிட்டேனே என்றுதான் பயமாக இருந்தது. பத்து நிமிஷம். முப்பத்து நாலு வருஷத்தைப் பூசிவிடப் பத்து நிமிஷம் போதுமாக இருந்தது. போன் அடித்தது.

யாசின் வந்தாரா என்று கேட்டான் செழியன். வந்தார், மேலே ஏற்ற நூறு வருது என்றேன். அப்ப முப்பத்தொன்பது மணி நேரம்தான்ப்பா என்றான். அவன் ஏற்கெனவே கணக்குப் போட்டு வைத்திருக்கிறான். காபி கலக்குகிற சத்தம் கேட்டது. டிஸ்க் போயிடுச்சுடா என்கிற வாக்கியம் என் வாய்க்குள் தயாராக இருந்தது, திறந்தால் போதும். அவன் முந்திக்கொண்டான். நேற்று பஸ்ஸில் வரும்போது அம்மா என்னை எப்படிக் கூப்பிடுவாங்கன்னு யோசிச்சேன்ப்பா, பேர் வருது, குரல் வரல என்றான். நாள் முழுக்க யார் யாரோ முகத்தைப் பெரிசு பண்ணிப் பெரிசு பண்ணிப் பார்த்துட்டிருக்கேன், அம்மாவை ஒரு தடவை அப்படிப் பார்க்கணும், அவ்வளவுதான் என்றான். அவன் அழவில்லை, களைத்துப் போயிருந்தான். நானும் களைத்துத்தான் போயிருந்தேன். பொய் சொல்வதற்கும் கொஞ்சம் தெம்பு வேண்டியிருக்கிறது.

"பெரிசுல ஒண்ணு இருக்குடா," என்றேன்.

"என்ன இருக்கு?"

"அம்மா கழுத்துல. அந்தக் கட்டி. ஜனவரியிலேயே இருக்கு."

காபி கலக்கும் சத்தம் நின்றது. லைன் போய்விட்டதோ என்று நானே பார்த்தேன், போகவில்லை. எந்த க்ளிப் என்று கேட்டான். கீரை ஆயுறது என்றேன்.

"குளிருதுன்னு சொன்னாங்களே. அதுவா?"

"அதுதான்."

"நான் மூடாதீங்கன்னு சொன்னேன்."

"ஆமா. கேக்குது."

அப்புறம் எல்லாவற்றையும் சொன்னேன். கையைச் சொன்னேன். எனக்காகத்தான் சொல்லாமல் இருந்திருக்கிறாள், நான் தேறுகிற வரைக்கும் காத்திருந்திருக்கிறாள் என்று சொன்னேன். சொல்லும்போது என் குரல் யாருடையதோ மாதிரி தட்டையாக வந்தது. எப்போதிலிருந்து தெரியும் என்று கேட்டான். நவம்பர் என்றேன். அப்போ லைன் போனதெல்லாம் என்றான். முதல் ரெண்டு தடவை நிஜமாப் போச்சு, மூணாவது நான் நிறுத்தினேன் என்றேன். திட்டுவான் என்று எதிர்பார்த்தேன், திட்டினால் நன்றாக இருக்கும். திட்டவில்லை. மூக்கை உறிஞ்சுகிற சத்தம் மட்டும் கேட்டது, இரண்டு மூன்று முறை.

"நீங்களும் அம்மா பண்ணினதையேதான் பண்றீங்க," என்றான்.

ஏத்துங்கப்பா என்றான். முழுசா. நான் லைன்லயே இருக்கேன். பெரிய ஃபைல்களையெல்லாம் தேர்ந்தெடுத்து அழுத்தினேன். கோடு தோன்றியது. பூஜ்யம். மீதி நேரம் முப்பத்தொன்பது மணி என்று வந்தது. போகுதா என்றான். போகுது என்றேன். டிஸ்க் அதுவரைக்கும் தாங்குமா என்று கேட்டான். தெரியல என்றேன், அது உண்மை. பெட்டிக்கு மேலே டேபிள் ஃபேனைத் திருப்பி வைக்கச் சொன்னான், வைத்தேன். முதலில் அந்தக் க்ளிப் போகிற மாதிரி வரிசையை மாற்றச் சொன்னான், மாற்றினேன். இரண்டு பேரும் ரிலே நிலையத்தில் ஷிப்ட் மாற்றிக்கொள்கிறவர்கள் மாதிரி பேசிக்கொண்டோம். அவன் வேலைக்கு நேரமாகியிருக்கும், ஆனாலும் வைக்கவில்லை.

"வேற ஏதாவது இருக்காப்பா?"

"வேற என்ன?"

"எனக்குச் சொல்லாம வச்சிருக்கிறது."

ஒண்ணுமில்லைடா என்றுதான் முதலில் சொன்னேன், அது யோசிக்காமலே வருகிற பதில். அவன் சரி என்று சொல்லியிருந்தால் அத்தோடு போயிருக்கும். அவன் சரி என்று சொல்லவில்லை, காத்திருந்தான். இதை நான் எனக்குள்ளேகூடச் சொல்லிப் பார்த்ததில்லை. காலையிலிருந்து எவ்வளவோ நினைத்தேன், இதன் பக்கம் போகவே இல்லை.

"மாடி ஏறினா மூச்சு வாங்குது. நடுவுல நின்னுதான் ஏறுறேன். மூணு வாரமா."

"வலி?"

"நேத்து இருந்துச்சு. இடது தோள் பக்கம். இப்ப இல்லை."

அவன் சத்தம் போடவில்லை. போனைக் கட் பண்ணாதீங்க, சட்டையைப் போடுங்க, ஸ்டென்ட் வச்ச ஆஸ்பத்திரிக்கே போங்க, ஸ்கூட்டர் வேண்டாம், ஆட்டோ என்று ஒவ்வொன்றாகச் சொன்னான். இப்பவேவா, இது ஏறட்டுமே, பக்கத்தில் இருந்து பார்த்துக்கிறேனே என்றேன். அது ஏறும், இல்லேன்னா நிக்கும், நீங்க கிளம்புங்க என்றான். சட்டையைப் போட்டுக்கொண்டேன். பழைய ரிப்போர்ட்டுகள் வடிவு வைத்த இடத்திலேயே, பீரோவின் மேல்தட்டில், தேதி வாரியாக இருந்தன. எடுத்துக்கொண்டேன். கதவைப் பூட்டும்போது அவன் கீழே வரைக்கும் எத்தனை படி என்று கேட்டான். முப்பத்தெட்டு என்றேன். மெதுவா இறங்குங்க, எண்ணிக்கிட்டே இறங்குங்க, எனக்குக் கேக்கணும் என்றான். போனைக் காதோடு பிடித்துக்கொண்டு, கைப்பிடியைப் பற்றிக்கொண்டு, ஒன்று என்றேன், இரண்டு என்றேன். பதினான்கில் கொஞ்சம் நின்றேன். மூச்சு வாங்குது என்றேன். சரி, நில்லுங்க என்றான். நின்றேன்.